குழிக்குள் ஒரு சூளை

தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோது பல்பு வெடித்தது. காசம்மாள் தெளிப்பானைக் கீழே போட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு குந்திவிட்டாள். கழுத்தில் ஒரு சில்லு கீறியிருந்தது. மற்றதெல்லாம் காளான் படுக்கைகளின் மேல் சிதறிக் கிடந்தது.

"யம்மா!" என்று கத்திக்கொண்டு மகள் சுவேதா படியில் இறங்கினாள்.

"செருப்ப போட்டுக்கினு எறங்குடி. எல்லாம் கண்ணாடி."

"நான் அப்பவே சொன்னேன் இல்ல? சூடா எரியற பல்புல பச்சத் தண்ணி பட்டா வெடிக்கும்னு. கோழிப் பண்ணையில பல்பு போடறாங்கன்னா, அவங்க இன்னா பல்பு மேல தண்ணியா தெளிக்கறாங்க?"

"சொன்ன, சொன்ன. இப்ப பொறுக்கு."

இரண்டு பேரும் குனிந்து பொறுக்கினார்கள். சில்லு விழுந்த படுக்கைகளை மண்ணோடு எடுத்துக் குப்பையில் கொட்ட வேண்டியதாயிற்று. தின்கிற பண்டம், வேறு வழியில்லை.

செலியமேட்டுக்கு வெளியே, பாகூர் போகிற ரோட்டை ஒட்டிய மனை அது. வீட்டுக்கு முன்னால் இடுப்பளவு ஆழத்துக்கு ஒரு குழி. சுற்றிலும், செங்கல் சூளையில் கழித்துப் போட்ட கோணக் கற்களால் கட்டிய சுவர். சுவருக்கு மேல் வளைத்த குழாய்கள், அவற்றின் மேல் நீலத் தார்ப்பாய். உள்ளே போனால் ஆள், மண், தண்ணீர் எல்லாமே நீலமாகத் தெரியும். சித்திரையில் அதற்குள் நிற்க முடியாது; வேர்த்து ஊற்றும். பால் காளானுக்கு அந்தப் புழுக்கம்தான் வேண்டும். வைக்கோலை வேகவைத்து, பையில் அடுக்கி விதை போட்டு, பை முழுக்க வெள்ளையாய்ப் படர்ந்ததும் இரண்டாய் அறுத்து, மேலே வேகவைத்த மண்ணைப் பரப்பிக் குழிக்குள் வைத்தால் கொத்துக் கொத்தாய்க் கிளம்பும். ஒரு கொத்தே கைக்குக் கனக்கும். ஆனால் ஐப்பசி மழை இறங்கிவிட்டால் போச்சு. கார்த்திகை, மார்கழி, தை என்று மூன்று மாதமும் மண் வெறும் மண்ணாகவே கிடக்கும். குளிருக்கு அது தலை தூக்காது.

போன வருஷங்களில் அந்த மாதங்களில் குழி சும்மாதான் கிடந்தது. இந்த வருஷம் அப்படி விட முடியாது. பாக்யராஜ் கெடு வைத்துவிட்டான்.

பாக்யராஜ் காசம்மாளின் கொழுந்தன், அவள் புருஷன் நடேசனுக்குத் தம்பி. மனை அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. அவன் வில்லியனூரில் ஒருத்தர் கடையில் வண்டிகளுக்கு வாட்டர் வாஷ் செய்கிறான். நாள் முழுக்கத் தண்ணீரிலும் சோப்பு நுரையிலும் நின்று அவன் கால்விரல் இடுக்கெல்லாம் வெந்து வெளுத்திருக்கும். சொந்தமாக ஒரு கடை போட்டு உட்கார வேண்டும் என்று அவனுக்கு வெறி. ரோட்டைப் பார்த்து இருப்பது குழி இருக்கும் இடம் ஒன்றுதான்.

பல்பு வெடித்த அன்று சாயங்காலமே வந்து நின்றான்.

"இன்னா அண்ணி, கழுத்துல ரத்தம்?"

"பல்பு வெடிச்சிது."

"உள்ள லைட்டு போட்டிருக்கீங்களே, அப்படியே ஒரு ஸ்டாரும் தொங்க வுட்டீங்கன்னா கிறிஸ்மஸ் குடிலு மாரி இருக்கும்."

"உனுக்கு சிரிப்பா இருக்குது."

"சிரிக்கல அண்ணி. நான் இன்னா சொன்னேன்? வருஷம் பூரா வெளைஞ்சா நீங்களே வச்சிக்குங்க, நான் வாயே தொறக்க மாட்டேன்னேன். வருஷத்துல கால்வாசி சும்மா கெடக்குது. நான் அங்க எவன் கடையிலயோ தண்ணியில ஊறிக்கினு கெடக்கறேன். நாயமா?"

"பொங்கல் வரைக்கும் டயம் குடுத்தியா இல்லியா?"

"குடுத்தேன்."

"அப்ப பொங்கலுக்கு வா."

"பொங்கலுக்கு மொத நாளு டிராக்டர்ல மண்ணோடதான் வருவேன். குழியில காளான் இருந்தா வண்டி திரும்பும். இல்லன்னா கொட்டிடுவேன். அப்புறம் அழுவக் கூடாது."

"யாரு அழுவறா? உங்கண்ணனக் கேளு, நான் அழுது பாத்திருக்காரான்னு."

வாசலில் குந்தியிருந்த நடேசன் யோசிக்கிற மாதிரி பாவனை செய்தான். "ஒரு தடவ. வெங்காயம் உரிக்கச் சொல்ல."

பாக்யராஜ் சிரித்துவிட்டான். காசம்மாள் சிரிக்கவில்லை.

அவளுக்குத் தெரியும், குழி மூடினால் திரும்ப சூளைதான். கல்யாணத்துக்கு முன்பிருந்து மண் மிதித்தவள். பனி விழுகிற நேரத்தில் எழுந்து, சேற்றைக் குழைத்து, குனிந்த முதுகு நிமிராமல் அச்சில் கல் அறுத்து, வெந்த கல்லைத் தலையில் சுமந்து லாரியில் ஏற்றி வளர்ந்தவள். நடேசனும் அதே சூளையில்தான். அவன் நெருப்புப் போடுகிறவன். சூளை வாயில் நின்றபடி புகையின் நிறத்தைப் பார்த்தே உள்ளே கல் எந்தப் பதத்தில் இருக்கிறது என்று சொல்லுவான். அந்தப் புகைதான் அவன் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. இப்போது நாலு எட்டு வேகமாக வைத்தால் இழுப்பு வந்துவிடும். புகை பக்கமே போகக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். சட்டைப் பையில் இன்ஹேலர் இல்லாமல் அவன் கழனிப் பக்கம்கூடப் போவதில்லை.

அவன் நோயில் படுத்த பிறகு காசம்மாள் தனியாகச் சூளைக்குப் போனாள். பாகூரில் பொம்பளைகளுக்கு நடந்த காளான் பயிற்சிக்கு யாரோ கூப்பிட்டார்கள் என்று போய் உட்கார்ந்தாள். ஊருக்குத் திரும்பியதும் மண்வெட்டியை எடுத்தாள். அந்தக் குழியை வெட்டியது அவள் கை. யாரும் மேஸ்திரி இல்லை, யாரும் ஏய் என்று கூப்பிடுவதில்லை. வில்லியனூர் மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும் சிங்காரவேலு "என்னம்மா, காளான் எத்தினி வரும்?" என்று போன் போட்டுக் கேட்கிறார். அந்த 'என்னம்மா'வை விட்டுக்கொடுக்க அவளால் முடியாது.

சூட்டுக்காகப் போட்ட பல்பு தோற்றது. அதற்கு முன் மாட்டுச் சாணியைக் குழி ஓரத்தில் குவித்துப் பார்த்திருந்தாள். குப்பை தன்னால் சூடாகும், கையை விட்டால் சுடும், அந்தச் சூடு போதும் என்று கணக்கு. சூடு வந்தது. கூடவே ஈயும் பச்சைப் பூசணமும் வந்து படுக்கைகளில் ஏறின. எல்லாவற்றையும் வாரி வெளியே போட்டாள்.

அடுத்து நெருப்புச் சட்டி. பிள்ளை பெற்றவளுக்குக் குளிர் தாக்காமல் கட்டிலுக்கு அடியில் கரி நெருப்பு வைப்பார்களே, அதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. விடியற்காலையில் சவுக்குக் கரியைப் பற்றவைத்து, புகை அடங்கிக் கங்கானதும் சட்டியோடு உள்ளே கொண்டுபோய் வைத்தாள். தார்ப்பாயின் ஓரங்களை எல்லாம் கல் வைத்து மூடினாள். உள்ளேயே இருந்து வேலை பார்த்தாள். சூடு வந்தது. தலையும் வலித்தது. வெயில் ஏறிக் கொஞ்ச நேரத்தில் படியில் ஒரு காலை வைத்தவள் அடுத்த காலை வைக்க முடியாமல் அப்படியே சரிந்தாள்.

சுவேதா அன்று கம்பெனிக்கு லீவு. அவள்தான் அக்குளில் கையைக் கொடுத்து வெளியே இழுத்துப் போட்டாள். காசம்மாள் வாந்தி எடுத்தாள். தண்ணீர் குடித்தாள். மறுபடி வாந்தி எடுத்தாள்.

நடேசனுக்கு வந்த கோபத்தில் மூச்சு முட்டியது. "சூளைக்காரிதானடி நீ? நெருப்ப உள்ள வச்சிக் கதவ சாத்துவாளாடி ஒருத்தி? செத்திருப்ப."

"புள்ள பெத்தவளுக்கு வெக்கல?"

"அந்த வூட்டுக்குக் கீத்துக் கூர. ஆயிரம் ஓட்ட. நீ தார்ப்பாயப் போட்டு மூடிக்கினு குந்தியிருக்கற." இன்ஹேலரை எடுத்து ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டான். "நெருப்பு வெளிய இருக்கணும். அனலு மட்டுந்தான் உள்ள வரணும்."

காசம்மாள் வாயைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். "எப்பிடி?"

"சூளைக்கு எப்பிடியோ அப்பிடி. தரைக்கடியில ஓட வுடு."

"நீ நெருப்பு கிட்ட வரக் கூடாது."

"நான் வரல. நீ செய்யி. நான் சொல்றேன்."

மறுநாள் முருங்கை மரத்தடியில் பிளாஸ்டிக் சேரைப் போட்டுக்கொண்டு, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு நடேசன் உட்கார்ந்தான். காற்று அவனிடமிருந்து குழிப் பக்கம் அடிக்கிறதா என்று புல்லைக் கிள்ளிப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் காசம்மாள் மண்வெட்டியைத் தொட்டாள். குழியின் தரையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கால்வாய் மாதிரி பள்ளம் வெட்டினாள். இரண்டு பக்கமும் கல் அடுக்கி, மேலே உடைந்த கடப்பாக் கல் பாவி, அதற்கு மேல் ஆற்று மணல் பரப்ப வேண்டும். ஒரு கோடி குழிக்கு வெளியே தீ வாய். மறு கோடியில் பழைய போர்வெல் பைப்பைப் புகைபோக்கியாய் நட்டுவிட வேண்டும்.

"இன்னும் ஆழமா வெட்டுடி. பல்லாங்குழி மாரி இருக்குது."

"வாய் மட்டும் நல்லா வேல செய்யுது உனுக்கு."

"தீ வாய் பக்கம் தாழ்வா இருக்கணும். பைப்பு பக்கம் மேடா ஏறணும். அப்பதான் இழுக்கும். சமமா வெட்டினா பொக எந்தப் பக்கம் போறதுன்னு யோசன பண்ணிக்கினு நிக்கும்."

"தோ, அங்க இன்னா மேஸ்திரி வேல! சூளையில மொதலாளி கூட இப்பிடிக் கால் மேல கால் போட்டதில்ல."

"இந்தச் சூளைக்கு மொதலாளி நீ. நான் கூலி."

"கூலிய சேர்ல குந்த வச்சா வெளங்கின மாரிதான்."

ஏம்பலத்து ரைஸ் மில்லிலிருந்து சுவேதா ஸ்கூட்டியில் உமி மூட்டை கொண்டு வந்தாள். தகர டின்னின் நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் உமியைக் கெட்டியாக இடித்து, பாட்டிலை உருவினால் நடுவில் ஓட்டை நிற்கும். கீழே பொறி வைத்தால் உமி உள்ளிருந்து மெதுவாகக் கனிந்துகொண்டே இருக்கும். சீக்கிரம் தீராது, திகுதிகுவென்று எரியவும் எரியாது. பாட்டில் எங்கே என்று அவள் கேட்டபோது நடேசன் ரோட்டோரத்தைக் காட்டினான். "புதுச்சேரியில குந்திக்கினு பாட்டிலு எங்கன்னு கேக்கறா பாரு."

மத்தியானம் நல்லவாட்டு மீன்காரி கொண்டு வந்த காரப்பொடி மீனைக் குழம்பு வைத்து, சூடான சோற்றில் ஊற்றிக்கொண்டு மூன்று பேரும் மரத்தடியிலேயே சாப்பிட்டார்கள். வானம் மூட்டமாக இருந்தது. காற்றில் ஏரிப் பக்கத்து ஈரம். காசம்மாள் கையில் மண் போகவில்லை, அப்படியே பிசைந்து தின்றாள்.

தீ மூட்டினார்கள். புகை கால்வாயில் போய் மறு கோடியில் பைப்பு வழியாக வெளியேறியது. முதலில் வெள்ளையாக, பிறகு கண்ணுக்கே தெரியாமல். நடேசன் சேரில் இருந்தபடியே அந்தப் பைப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். "இழுக்குது" என்றான்.

தரை மணல் வெதுவெதுப்பானது. ஆனால் தார்ப்பாயின் ஓரங்களில் காற்று புகுந்து அனலை அள்ளிக்கொண்டு போயிற்று. அதற்கு மட்டும் இருவருக்கும் பேச்சுத் தேவைப்படவில்லை. சூளை அடுக்கி முடித்ததும் சுற்றிலும் சேறு பூசுவார்கள். அனல் ஒரு நூல் அளவு வெளியே போனாலும் அந்தப் பக்கத்துக் கல் வேகாது. காசம்மாள் களிமண்ணைக் குழைத்தாள். நடேசனும் எழுந்து வந்து வைக்கோலைத் துண்டு துண்டாக வெட்டிச் சேற்றில் போட்டான். சுவரும் தார்ப்பாயும் சேருகிற இடம், குழாய் வெளியே வருகிற இடம், கீழே தண்ணீர் வடிய விட்டிருந்த ஓட்டைகள் எல்லாவற்றையும் இரண்டு பேருமாகப் பூசி மெழுகினார்கள். வாசலுக்கு இரட்டைச் சாக்குத் தொங்கவிட்டார்கள். எங்கேயாவது விரிசல் விட்டால் அவன் கண்ணுக்கு முதலில் படும், அவள் கை அங்கே முதலில் போகும்.

உள்ளே மாட்டியிருந்த சூடு காட்டும் தெர்மாமீட்டர் கண்ணாடியைப் பார்த்துவிட்டு சுவேதா வெளியே வந்து குதித்தாள். "யப்பா, சித்திர மாசம் மாரி காட்டுதுப்பா!"

அந்த வாரமே படுக்கைகளில் கடுகு கடுகாய்ப் பொட்டுகள் கிளம்பின. மார்கழியில். காசம்மாள் ஒவ்வொரு படுக்கையாகக் குனிந்து பார்த்தாள். வெளியே வந்து நடேசனுக்குக் கூழ் கரைத்துக் கொடுத்தாள். அதில் வழக்கத்தைவிட மோர் அதிகமாக இருந்தது. அவ்வளவுதான் அவள் சந்தோஷம்.

அதற்கப்புறம்தான் கோணல் தெரிந்தது. பொட்டுகள் வளர்ந்தன. வளர்ந்துகொண்டே போயின. தலை விரியவே இல்லை. நீளம் நீளமாய், ஒல்லி ஒல்லியாய், உச்சியில் பொத்தான் அளவுக்கு ஒரு தலை. படுக்கை முழுக்கக் குச்சி நட்ட மாதிரி நின்றது. சுவேதா போட்டோ எடுத்து சிங்காரவேலுவுக்கு அனுப்பினாள். உடனே போன் வந்தது.

"என்னம்மா, காளான்னு சொல்லிட்டு முருங்கக்காய அனுப்பற?"

காசம்மாள் போனை வாங்கினாள். "அண்ணே, வெலையப் பாத்துப் போட்டுக்கறீங்களா?"

"யாரும்மா வாங்குவா? வெறும் தண்டு. மாட்டுக்குப் போடு."

அன்று முழுக்க வீட்டில் சண்டை. விதை சரியில்லை என்றாள் காசம்மாள். வெளிச்சம் பத்தவில்லை, சேறு பூசி இருட்டாக்கிவிட்டீர்கள் என்றாள் சுவேதா. தண்ணீர் அதிகம் என்றான் நடேசன். பொங்கலுக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. காசம்மாள் ஒன்றிரண்டு குச்சிகளைப் பிடுங்கி, மோந்து பார்த்து, வீசி எறிந்துவிட்டு உமி வாங்கப் போனாள். சும்மா உட்கார அவளுக்கு வராது.

அவள் திரும்பி வந்தபோது குழியின் வாசல் சாக்கு அவிழ்ந்து கிடந்தது. படியில் நடேசன் கையையும் காலையும் ஊன்றித் தவழ்ந்துகொண்டிருந்தான். நெஞ்சு துருத்தி மாதிரி ஏறி இறங்கியது. அவள் மூட்டையைப் போட்டுவிட்டு ஓடினாள். அவன் சட்டைப் பையைத் துழாவி, இன்ஹேலரை எடுத்து வாயில் திணித்து அழுத்தினாள்.

"உள்ள எதுக்குய்யா போன? எதுக்கு போன? யார் உன்னக் கூப்பிட்டா?"

அவன் கையை ஆட்டினான். இரு என்று. கொஞ்சம் அடங்கியது.

"பாக்கலாம்னு போனேன். பூசினதுக்கு அப்புறம் உள்ள போவவே இல்ல இல்ல... உள்ள மூச்சு இல்லடி."

"உனுக்கு எங்கதான் இருக்குது?"

"எனக்கு இல்ல. அதுக்கு." காளான் படுக்கைகளைக் காட்டினான். "பொக ஒரு சொட்டு இல்ல. அனலு நல்லாருக்குது. ஆனா இழுத்தா நெஞ்சுல ஒன்னும் எறங்கல. பழைய காத்து. போட்டு மூடி, மூடி... அது இன்னா பண்ணும்? மூச்சுக்குத் தலையத் தூக்கித் தூக்கிப் பாத்துருக்குது. அதான் அம்மாம் நீளம்."

காசம்மாள் அவன் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்தாள்.

"சூளையப் பூசினோம். கல்லு வெந்துது," என்றான் அவன். "கல்லு மூச்சு வுடாது. இது வுடுது. நம்ம ரெண்டு பேரும் கல்லுக்குப் பூசற மாரியே பூசித் தொலைச்சிட்டோம்."

"பயிற்சியில சொன்னாங்க," என்று காசம்மாள் மெதுவாகச் சொன்னாள். "காத்து வுடணும்னு. சித்திரையில தன்னால வந்துது. நான் மறந்துட்டேன். அனலு போவக் கூடாதுன்னே நெனைப்பு."

"ஓட்டய தொற."

"தொறந்தா அனலு போயிடும்யா."

"போவட்டும். போற அளவுக்கு எரி. உமியா இல்ல?"

அவள் கடப்பாரையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். தன் கையால் பூசியதையே தன் கையால் உடைத்தாள். கீழே, தரையை ஒட்டி வரிசையாக ஓட்டைகள். உச்சியில் தார்ப்பாயை இரண்டு இடத்தில் தூக்கி, கயிறு இழுத்தால் திறக்கிற மாதிரி கட்டினாள். குச்சிகளை எல்லாம் வேரோடு பிடுங்கி வாரி, மண்ணைக் கிளறிவிட்டு மறுபடி தண்ணீர் தெளித்தாள். ஒரு படுக்கை ஒரு தடவை காய்ப்பதோடு தீர்ந்துவிடாது. அடுத்த தடவைக்கும் அதற்குள் சத்து இருக்கும்.

சிக்கல் எவ்வளவு திறப்பது என்பதில்தான் இருந்தது. அதிகம் திறந்தால் விடியற்காலையில் குளிர் அடித்து உள்ளே இறங்கிவிடுகிறது. குறைத்தால் பழையபடி அடைக்கிறது. சூட்டுக்குக் கண்ணாடி இருக்கிறது, காத்துக்கு என்ன இருக்கிறது? காசம்மாள் உள்ளே நின்று மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தாள். அவள் நெஞ்சுக்கு எதுவும் தெரியவில்லை. சூளைப் புகையையே குடித்து வளர்ந்த நெஞ்சு அது.

"நான் உள்ள குந்தறேன்," என்றான் நடேசன்.

"இன்னாது?"

"எனக்குத் தெரியுது இல்ல? காத்து கெட்டா மொதல்ல எனக்குத்தான் தெரியுது. நான் குந்தியிருக்கறேன். இழுப்பு வர மாரி இருந்தா கொரல் குடுக்கறேன், நீ கயித்த இழு."

"லூசாய்யா நீ? செத்துப் போவற வேல."

"செத்துப் போற அளவுக்கா குந்துவேன்? வாசப்படி பக்கத்துலயே குந்தறேன். மருந்து பையில இருக்குது."

"வேணாம். குழியே வேணாம். உன் தம்பி மண்ணக் கொட்டட்டும்."

"கொட்டினா நீ எங்க போவ?"

அவள் கயிற்று முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

"சூளைக்குப் போவ. அங்க நீ இழுக்கப் போற பொகைக்கு யார் காவல்?" அவன் குரலை உயர்த்தவில்லை. "இந்த நெஞ்ச இத்தினி வருஷமா வச்சிக்கினு ஒரு பிரயோசனமும் இல்லாம குந்தியிருக்கறேன் காசம்மா. சேர்ல. ஒரு வேலையாவது செய்யட்டும் அது."

அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டே ரொம்ப நாளாகியிருந்தது. அவள் திட்டினாள். அவன் அம்மாவைத் திட்டினாள், அவன் பிடிவாதத்தைத் திட்டினாள். பிறகு கவிழ்த்துப் போட்ட பக்கெட் ஒன்றைக் கொண்டுபோய் வாசல் படிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அன்றிலிருந்து கோயில் மைக் பாடத் தொடங்குகிற நேரத்துக்கு நடேசன் தலையில் துண்டோடு குழிக்குள் இறங்கிவிடுவான். வெளியே பனி தார்ப்பாயில் சொட்டும். காசம்மாள் தீ வாயில் உமி டின்னை மாற்றிவிட்டு வாசல் சாக்குக்கு வெளியே குந்துவாள். பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். பேச்சு நின்றால் அவள் உள்ளே பாய்ந்துவிடுவாள்.

"இருக்கியா?"

"இருக்கேன். எங்க போவப் போறேன்."

"எதுனா பேசு."

"இன்னா பேசறது? காளான் கிட்ட பேசிக்கினு இருக்கேன். சீக்கிரம் பெருத்துத் தொலைங்கடி, உங்கம்மா என்ன உள்ள போட்டுப் பூட்டிட்டாங்கறேன்."

அவன் பேச்சில் வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவில் ஒரு சின்ன விசில் கேட்கும். அது கேட்டதும் அவன் குரல் கொடுக்கும் முன்பே அவள் கயிற்றை இழுத்துவிடுவாள். தார்ப்பாய் உச்சியில் திறக்கும், நீராவி வெள்ளையாய் எழும்பும். கொஞ்ச நேரத்தில் விசில் போய்விடும். மறுபடி மூடுவாள். எந்த ஓட்டையை எவ்வளவு திறந்தால் அவனுக்குச் சுகமாக இருக்கிறதோ, அந்த அளவில் கல்லை வைத்து நிறுத்திவிடுவாள். மேகம் போட்டால் ஒரு அளவு, வாடைக் காற்றுக்கு வேறு அளவு என்று அவளுக்கே பிடிபட்டது. போகப் போக அவனை உள்ளே வைக்கிற நேரத்தைக் குறைத்தாள். "போதும், ஏறு மேல" என்பாள். அவன் இன்னும் கொஞ்ச நேரம் என்பான்.

பொட்டுகள் மறுபடி வந்தன. இந்தத் தடவை குட்டையாகவே நின்று காம்பு பருத்தது. காம்பு பருத்து, தலை உருண்டு, குடை மாதிரி விரியத் தொடங்கியது. காசம்மாள் யாரிடமும் சொல்லவில்லை. சுவேதாவிடம் போட்டோ எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.

போகி அன்று விடிந்தும் விடியாமல் ரோட்டில் பழைய பாய், டயர் எல்லாம் எரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் புகைக்குப் பயந்து நடேசனை வீட்டுக்குள்ளேயே இருக்கச் சொல்லிவிட்டு, காசம்மாள் தனியாகக் குழிக்குள் இறங்கிப் பறிக்க ஆரம்பித்தாள். அப்போதுதான் டிராக்டர் சத்தம் கேட்டது. சொன்னபடி வந்துவிட்டான். டிரெய்லர் நிறைய ஏரி மண்.

பாக்யராஜ் இறங்கி வாசல் சாக்கைத் தூக்கினான். "அண்ணி, நாளைக்குப் பொங்கல். சொன்னேன் இல்ல? அந்தக் குச்சி கதையெல்லாம் கேட்டேன். சிங்காரவேலு கடைப் பையன் நம்ம கடைக்கு வண்டி கழுவ வந்தான். மனசுல ஒன்னும் வச்சிக்காதீங்க, நான்..."

"இந்தா, புடி."

நீல வெளிச்சத்தில் அவள் கை மட்டும் மேலே வந்தது. கையில் ஒரு கொத்து. குழந்தை முட்டி மாதிரி வெள்ளை வெளேரென்று பருத்த தலைகள், அடியில் கெட்டிக் காம்புகள். பாக்யராஜ் பழக்கத்தில் கையை நீட்டி வாங்கிவிட்டான். கனம் எதிர்பார்க்கவில்லை, இன்னொரு கையையும் கொடுத்துத் தாங்கினான்.

"இது இன்னா அண்ணி..."

"கூடை மேல இருக்குது. அதுல வை. நசுக்கிடாத. தோ, இதையும் புடி."

அவன் கூடையில் வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் அடுத்தது வந்தது. குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தான். அந்தக் கோடி வரைக்கும் படுக்கைகள் வெள்ளை வெள்ளையாய் நின்றன. காலடி மணலிலிருந்து வெதுவெதுப்பு முகத்தில் அடித்தது. குளிருக்குப் போர்த்தியிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, நீட்டிய கொத்தை வாங்கினான்.

வீட்டு வாசலில் நடேசன் வந்து நின்றிருந்தான், வாயைத் துண்டால் மூடிக்கொண்டு. "டேய், தலையப் புடிக்காதடா. காம்பப் புடி. கறுத்துப் போவும்."

"நீ உள்ள போ!" என்று குழிக்குள்ளிருந்து காசம்மாள் கத்தினாள். "பொக அடிக்குது, உள்ள போய்யா!"

டிராக்டர் டிரைவர் இஞ்சினை அணைக்காமல் சீட்டிலிருந்தபடி கேட்டார். "அண்ணே, எங்க கொட்டட்டும்?"

பாக்யராஜ் நிமிர்ந்தான். இரண்டு கையிலும் காளான். ரோட்டைப் பார்த்தான், குழியைப் பார்த்தான். அவன் கால்விரல் இடுக்கில் வெளுத்த தோல் உரிந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"எனக்கு எடம்?" என்று கேட்டான். யாரிடம் கேட்டான் என்று தெரியவில்லை.

காசம்மாள் படியில் ஏறித் தலையை வெளியே நீட்டினாள். முகமெல்லாம் வேர்வை. அவனைப் பார்த்தாள்.

"மத்தியானம் சோறு தின்ன வா. குந்திப் பேசுவோம். உனுக்கு ஒரு வழி பண்ணாம நான் வுட மாட்டேன். ஆனா இது மூடாது."

"அண்ணே," என்றார் டிரைவர். "டீசல் எரியுது."

"திருப்புப்பா," என்றான் பாக்யராஜ். "வண்டிய எங்க வூட்டாண்ட வுடு. நான் பின்னாடி வரேன்."

வண்டி பின்னால் வாங்கித் திரும்பியது. அவன் கூடைக்குப் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்துகொண்டு, காம்பைப் பிடித்து, ஒவ்வொன்றாக அடுக்கினான். காசம்மாள் மறுபடி உள்ளே இறங்கினாள். இன்னும் பாதிக் குழி பறிக்காமல் கிடந்தது. வெயில் ஏறுவதற்குள் வில்லியனூருக்கு ஏற்றியாக வேண்டும்.